கத்திரி வெயிலும் டர்போ வண்டியும்

கேள்வி: தோல் சரக்கு ஏற்றும் டர்போ டீசல் லாரி, மே மாத மதியத்தில் மட்டும் மந்தமாக இழுப்பது ஏன்?
- வாசகர், ஆம்பூர்

பதில்: குறை பெரும்பாலும் வண்டியில் இல்லை, காற்றில்தான். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் வேலூர்க் காற்று, கத்திரியில் 42 டிகிரியைத் தொடும்போது அடர்த்தியில் சுமார் 7 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஆக்ஸிஜனும் அதே அளவு குறையும்.

டர்போதான் காற்றை அழுத்தித் தருகிறதே என்று தோன்றலாம். அழுத்தும்போதே காற்று சூடேறுகிறது என்பதுதான் சிக்கல். 42 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், டர்போவை விட்டு வெளியேறும்போது அது ஏறக்குறைய 130 டிகிரியில் இருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. ஆனால் இன்டர்கூலரைக் குளிர்விப்பதும் அதே அனல்காற்றுதான். காற்றின் சூட்டை வெளிவெப்பத்துக்குக் கீழே இன்டர்கூலரால் இறக்க முடியாது.

அதனால் இன்றைய டீசல் வண்டிகளில் ஈசியு எனும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி தானாகவே எரிபொருளைக் குறைத்து இன்ஜினைக் காக்கிறது. பெட்ரோல் டர்போ காரில், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் 'நாக்கிங்' வராமலிருக்க, அது ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போடும். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் பொதுவாக 25 டிகிரிக்குத் திருத்திய கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்டர்கூலர் இடுக்குகளில் படிந்த தூசியை மெதுவாகப் பாயும் நீரால் கழுவி, ஹோஸ் கிளாம்ப்களை இறுக்கி, ஏர் ஃபில்டரையும் பார்த்தாலே இழந்த இழுவையில் ஒரு பகுதி திரும்பலாம். குளிர்காலத்தில் டியூனிங் செய்து சக்தியைக் கூட்டிய வண்டியை, கோடைக்கு முன் மறுபடி சோதிக்காமல் முழு பாரத்தோடு நெடுஞ்சாலையில் விட வேண்டாம்.