மஞ்சளும் வேம்பும் தந்த பாடம்

காயத்தில் மஞ்சட்டூள் பூசுதல் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆயினும், காயம் ஆறுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறையைப் புதிய கண்டுபிடிப்பெனக் கொண்டு, 1995 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு தன் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை வழங்கியது. இது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நீக்கப்பட்டது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

ஆக்கவுரிமை என்பது யாது?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதனைக் குறித்த காலத்துக்குத் தாமே பயன்படுத்தவும் பிறரைத் தடுக்கவும் சட்டம் அளிக்கும் உரிமையே ஆக்கவுரிமை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இக்காலம் 20 ஆண்டுகளாகும். ஒரு நாடு வழங்கும் ஆக்கவுரிமை அந்நாட்டினுள்ளேயே செல்லும். ஆகவே, நம் வீட்டு மஞ்சளுக்குத் தடை நேரவில்லை. ஆனால், அம்முறைக்கான மஞ்சட் பண்டத்தை அந்நாட்டிற்கு அனுப்பி விற்க விரும்புவோருக்கு இடையூறு நேர்ந்திருக்கும்.

பிழை எங்கே நேர்ந்தது?

முன்பே அறியப்பட்ட ஒன்றுக்கு ஆக்கவுரிமை வழங்குதல் ஆகாது. எனினும், அந்நாளைய அமெரிக்கச் சட்டம் பிறநாட்டு மக்களின் வாய்மொழி அறிவையும் வழக்கத்தையும் கணக்கிற் கொள்ளவில்லை. அச்சில் வெளிவந்த சான்றையே ஏற்றது. 1996 இல் இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், 1953 இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்றையும் காட்டி மறுபரிசீலனை கோரியது. 1997 இல் அவ்வுரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. கோடிக்கணக்கானோரின் வழக்கம் செய்ய இயலாததை ஏட்டிலிருந்த சில பக்கங்கள் செய்தன.

வேம்பின் கதையும் இதனையொத்ததே. வேப்பெண்ணெயாற் பயிர்களின் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிரேஸ் கம்பனியும் 1994 இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டு, இந்தியாவில் அத்தகைய முறையை முன்பே கையாண்ட ஒருவர் நேரிற் சென்று சான்று கூறினார். 2000 ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 இல் தள்ளப்பட்டது. உண்மை வென்றது; ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டுச் சட்டம்

மேற்கூறிய இலங்கைச் சட்டத்தின்படி தாவரங்களுக்கு ஆக்கவுரிமை வழங்கப்படுவதில்லை. உலகின் எவ்விடத்தும் எழுத்து, பேச்சு, வழக்கம் ஆகியவற்றால் முன்பே வெளிப்பட்டது புதியதாகக் கொள்ளப்படமாட்டாது. ஆனால், வழக்கம் இருந்தது என்பதை மெய்ப்பிக்கச் சான்று வேண்டுமன்றோ?

கமக்காரர் செய்யவேண்டுவன

1. உங்களிடமுள்ள பழைய நெல், கத்தரி, பயற்றை முதலிய இனங்களின் பெயர், யாரிடமிருந்து பெற்றது, விளையும் நாட்கள், சிறப்பியல்பு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டிற் பதிக.

2. பீடை, நோய் ஆகியவற்றுக்குக் கையாளும் கைமருந்துகளின் பொருள், அளவு, செய்முறை என்பவற்றையும் எழுதி, திகதியிட்டு, அயலவர் இருவரின் கையொப்பம் பெறுக.

3. பெட்டியிற் பூட்டிய ஏடு வெளியீடு ஆகாது. குறிப்பின் பிரதியை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து, அதனை வெளியிடும் வழியைக் கேட்டறிக. விதை மாதிரியைக் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்கு அனுப்பும் வழியையும் அவரிடமே கேட்டறிக.

4. விதையையோ மருந்து முறையையோ கேட்டு வருவோரின் பெயர், நிறுவனம், நோக்கம் ஆகியவற்றை எழுத்திற் பெற்ற பின்னரே கொடுக்க.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வாறு எழுதி வெளியிடுவதால் அவ்வறிவு உங்கள் தனிச் சொத்தாகிவிடாது. பிறர் அதனைத் தம் கண்டுபிடிப்பென்று கோருவதைத் தடுக்க உதவும். குடும்ப இரகசியமாகக் காத்து விற்க எண்ணும் முறையாயின், வெளியிடுமுன் சட்ட ஆலோசனை பெறுக.

விதையைப் பழுதுபடாது காப்பது போலவே, அதனைப் பற்றிய அறிவையும் காத்தல் வேண்டும். இப்போகத்தில் விதைநெல் எடுத்து வைக்கும் நாளிலேயே குறிப்பேட்டின் முதற் பக்கத்தையும் எழுதத் தொடங்குக.