8 வயதுக்கு முன்பே பருவ மாற்றமா? மறைக்காதீர்கள்



பெண் பிள்ளைக்கு 8 வயது நிறையும் முன் மார்பு வளர்ச்சி தெரிந்தாலோ, ஆண் பிள்ளைக்கு 9 வயது நிறையும் முன் பருவத்தின் அடையாளங்கள் வந்தாலோ, மருத்துவரிடம் காட்ட வேண்டும். "வெளியே தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது கேட்பார்கள்" என்று சில வீடுகளில் மூடி வைக்கிறார்கள். அதனால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

இத்தகைய பிள்ளைகள் முதலில் வகுப்பிலேயே உயரமாகத் தெரிவார்கள். ஆனால் எலும்பும் வேகமாக முதிர்வதால், வளர்ச்சி சீக்கிரமே நின்று, பெரியவர்களாகும்போது குட்டையாகிவிடலாம். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் செய்வார்கள். பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் தனியாக ஒரு நோய் இருப்பதில்லை. ஆண் பிள்ளைகளில் மூளையில் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே தாமதம் கூடவே கூடாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி தேவைப்படாது. மாற்றம் மெதுவாக இருந்தால் கவனித்து வந்தாலே போதும். தேவைப்படுவோருக்கு லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற மருந்துகளை மாதம் ஒரு முறையோ 3 மாதத்துக்கு ஒரு முறையோ போடுவார்கள்.

"ஹார்மோன் ஊசி" என்றதும் பயப்பட வேண்டாம். மூளையிலிருந்து விட்டு விட்டு வரும் ஒரு சமிக்ஞைதான் பருவத்தைத் தொடங்கி வைக்கிறது. இந்த மருந்து அதே சமிக்ஞையை இடைவிடாமல் கொடுப்பதால், பிட்யூட்டரி சுரப்பி அதற்கு இணங்குவதை நிறுத்திவிடுகிறது. முதல் ஊசிக்குப் பின் சிறிது ரத்தக்கசிவு வரலாம். தவணை தவறக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 11 வயதையொட்டி ஊசியை நிறுத்துவார்கள். அதன்பின் பருவம் தானாகவே தொடரும். ஆக, இது பருவத்தைத் தள்ளிவைக்கும் மருந்தே தவிர, தடுத்துவிடும் மருந்து அல்ல.

"அல்லாஹ் கொடுத்ததை நாம் மாற்றலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த வழிதான். மார்க்கச் சட்டத்திலும் வயதுக்குக் கணக்கு உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஹைளுக்குக் குறைந்த வயது ஏறக்குறைய 9 சந்திர வருடம். ஆங்கிலக் கணக்கில் சுமார் 8 வருடம் 9 மாதம். அதற்கு நன்கு முன்பே வரும் ரத்தம் ஹைளு அல்ல. அதைக் கொண்டு பிள்ளை பாலிகு ஆகிவிட்டதாகக் கொள்ள முடியாது. தேதிகளைக் குறித்து வைத்து, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் வளர்ந்தாலும் உள்ளே இருப்பது 7 வயதுக் குழந்தைதான். விளையாட்டை நிறுத்தாதீர்கள்; மற்றவர் முன் அதைப் பற்றிப் பேசாதீர்கள். யாரும் தகாத முறையில் தொட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்லுங்கள். செலவுக்குச் சிரமப்படும் குடும்பங்கள் மருத்துவச் சீட்டுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வராது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்