பழைய படகு யந்திரத்திற்கு மாற்றுப் பம்பு வாங்குதல்

யந்திரம் நடுக்கடலில் நின்றுபோய், வேறு படகு கட்டியிழுத்துக் கரை சேர்த்த பின்னர், "டீஸல் பம்பு போய்விட்டது" என்று சொல்வது காசிமேட்டில் வழக்கம். எந்தப் பம்பு என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். டீஸல் யந்திரத்தில் பம்புகள் இரண்டு உண்டு. ஒன்று, தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி வடிகட்டி வழியாக அனுப்பும் சிறு பம்பு. இதனை பீட் பம்பு என்பர். மற்றொன்று, அவ்வெண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் நாசில்களுக்குச் செலுத்தும் பெரிய பம்பு. இரண்டாவதன் விலை முதலாவதைப்போல் பன்மடங்காகும். ஆகவே பழுது எதிலென்று அறியாமல் பணம் எடுப்பது தகாது.

முதலில் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியுள்ளதா, வடிகட்டி அடைபட்டுள்ளதா, குழாய் இணைப்புகளின் செம்பு வாஷர்கள் வழியே காற்று புகுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் பீட் பம்பின் வெளிக்குழாயைக் கழற்றி, யந்திரத்தைச் சுழற்றினால் எண்ணெய் விட்டுவிட்டு வலுவாக வரவேண்டும். சொட்டினால் சிறு பம்பே குற்றவாளி. சில யந்திரங்களில் இப்பம்பிலுள்ள சவ்வு கிழிந்தால் டீஸல் யந்திரத்தின் அடித்தொட்டிக்குள் இறங்கிவிடும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் காரணமின்றி உயர்ந்து, டீஸல் நாற்றமும் வீசினால், அப்படகை அன்று கடலுக்கு அனுப்பலாகாது. நீர்த்த எண்ணெயில் பேரிங்குகள் விரைவில் தேய்ந்து யந்திரமே கெடும்.

சவ்வுள்ள சிறு பம்பை மாற்றுகையில், காமைத் தொடும் நெம்புகோலின் நீளமும் வளைவும் பழையதை ஒத்திருக்க வேண்டும். இடையில் வைக்கும் காஸ்கெட் தடித்துவிட்டால் நெம்புகோலின் ஓட்டம் குறைந்து எண்ணெய் போதாது.

பெரிய பம்பு வேறு சங்கதி. எண்ணூரில் தொழிற்சாலையுள்ள அசோக் லேலண்ட் கம்பெனியின் யந்திரங்கள் நமது படகுகள் பலவற்றில் உள்ளன. அவ்வகை யந்திரம் லாரிகளிலும் ஓடுவதால், லாரிப் பம்பு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பூட்டிவிடலாம் என்று தோன்றும். சிலிண்டர் எண்ணிக்கையும் சுழலும் திசையும் பொருந்தினாலும், கவர்னர் பொருந்தாமற் போகலாம். சில லாரிப் பம்புகளின் கவர்னர், மிகக் குறைந்த வேகத்தையும் மிக அதிக வேகத்தையும் மட்டுமே காக்கும்; இடைப்பட்டதை டிரைவரின் கால் பார்த்துக்கொள்ளும். படகிலோ அலை தூக்குந்தோறும் விசிறியின் பாரம் குறைந்து வேகம் தாவும். ஆதலால் எல்லா வேகத்தையும் நிலைநிறுத்தும் கவர்னரே வேண்டும். மேலும் லாரி, மேடு கண்டபோதே முழுப்பாரம் இழுக்கும். படகு மணிக்கணக்காக இழுக்கும். லாரிக்கு வைத்த எண்ணெய் அளவு படகுக்கு அதிகமாகிக் கரும்புகையும் மிகுசூடும் உண்டாகலாம். பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, படகு யந்திரத்திற்குரிய அளவில் காலிபரேஷன் செய்வித்து, முத்திரையிட்டு வாங்குக. பிறகு அம்முத்திரையை யாரும் உடைக்கலாகாது.

பம்பின் தகட்டிலுள்ள எண்ணே முக்கியம், பெயரன்று. 1951-இல் பெங்களூரில் தோன்றிய மைகோ கம்பெனி 2008 முதல் பாஷ் என்ற பெயரில் நடப்பதால், பழைய தகட்டில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருத்தல் இயல்பே. சிம்ப்ஸன் யந்திரங்கள் சிலவற்றில் வரும் டி.பி.ஏ. வகைப் பம்பு டீஸலாலேயே மசகு பெறுவது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் விரைவில் கெட்டுவிடும். அதை மாற்றுமுன் வடிகட்டிக்குச் செலவிடுவது நலம்.

புதுப்பேட்டையில் பழைய பம்பு மலிவாகக் கிடைக்கும். எனினும் சோதனைச் சீட்டில்லாததைச் சங்கத்தின் கடனில் வாங்க அனுமதிப்பது எனக்கு உடன்பாடன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே இவ்வேலைக்கு ஏற்றது. இரண்டு மூன்று பட்டறைகளில் விலைப்புள்ளி கேட்க அப்போது அவகாசம் உண்டு. ஒவ்வொரு படகின் யந்திர எண்ணையும் பம்புத் தகட்டின் எண்ணையும் சங்கப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால், பழுதுபட்ட படகு கரை சேருமுன்பே காரியதரிசி சரியான சாமானைத் தேடத் தொடங்கலாம்.