காப்பித் தோட்டத்துக்கு ஓர் எண். காப்பித் தூளுக்கு வேறு எண்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பியும் மிளகும் பயிராகின்றன. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் விளைகின்றன. காப்பிக்கொட்டையை அப்படியே விற்காமல் வறுத்து, அரைத்து விற்க முன்வரும் விவசாயி, சிறுதொழில் பதிவின்போது தொழில் குறியீட்டு எண் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

எண் அமைந்துள்ள விதம்

மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டு தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் வகைப்பாட்டை ஒட்டி இது அமைக்கப்பட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பிரிவைக் காட்டும். பயிர்த்தொழிலும் கால்நடை வளர்ப்பும் 01. உணவுப்பொருள் தயாரிப்பு 10. சில்லறை வியாபாரம் 47. அடுத்து வரும் ஒவ்வோர் இலக்கமும் தொழிலை மேலும் நுட்பமாகப் பிரிக்கும்.

காப்பி பயிரிடுவது 01272. அதே காப்பியை வறுத்து அரைப்பது 10792. பூண்டும் உருளைக்கிழங்கும் காய்கறி, கிழங்கு வகைகளுக்குரிய 0113-இல் அடங்கும். சொந்தப் பூண்டைக் காயவைத்துத் தரம் பிரிப்பது சாகுபடியின் பகுதியே. அந்த வேலையைப் பிறருக்குக் கூலிக்குச் செய்தால் 0163.

தவறினால் என்ன?

கணக்கெடுப்புகள் இந்த எண்களைக் கொண்டே தொழில்களைப் பிரிக்கின்றன. 2013-இல் களப்பணி நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் பயிர் சாகுபடியும் தோட்டப்பயிரும் சேர்க்கப்படவில்லை; அரவை நிலையங்கள் சேர்க்கப்பட்டன. வறுத்து அரைத்து விற்பவர் தம்மைக் காப்பி பயிரிடுபவர் என்று மட்டும் பதிந்துகொண்டால், மலையில் நடக்கும் அந்தத் தொழில் ஏட்டில் இல்லாமல் போகும். கடன் கேட்கும்போதும், 'பதிவில் உள்ளது வேறு, இயந்திரம் வாங்குவது வேறு' என்ற கேள்வி எழலாம்.

கவனிக்க வேண்டியவை

1. விளையும் பொருளை அல்ல, செய்யும் வேலையைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 'உத்யம்' பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைச் சேர்க்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

3. வகைப்பாடு அவ்வப்போது திருத்தப்படுவதால், படிவம் எந்த ஆண்டின் வகைப்பாட்டைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. படிவத்தைப் பிறரைக் கொண்டு நிரப்பினாலும், எண்ணுக்கு எதிரே உள்ள விவரத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே ஒப்புதல் தர வேண்டும்.