கடைசி யூனிட்டுக்குக் காத்திருக்காதீர்கள்

பொருளாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு. திருப்பூர்ப் பக்கம் இளங்கலை வகுப்புகளில் முப்பத்தொரு வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் நான். சுற்றுச்சூழலை வகுப்பில் எப்படி நடத்துவது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

1. பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் ஐந்தாவது யூனிட்டில் கிடக்கும். அதைத் தொடுவதற்குள் மாடல் எக்ஸாம் வந்துவிடும். தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைப் போர்டில் வைக்கும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: இந்த விலையில் எது சேரவில்லை?

2. கேட்டுவிட்டு ஒரு பனியனை எடுத்துக் காட்டுங்கள். சாயப்பட்டறைக்காரர் துணிக்குக் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார். சாயம், உப்பு, விறகு, ஆள்கூலி எல்லாம் அதில் அடக்கம். நொய்யல் ஆற்றில் விட்ட சாயத்தண்ணீர் மட்டும் அடக்கமில்லை. அந்தப் பாக்கி ஒரத்துப்பாளையத்தில் போய் நின்றது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. எந்த ஊரிலாவது இப்படிக் கேட்டிருக்கிறோமா? தனியார் செலவுக்கும் சமூகச் செலவுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பற்றிப் பொருளாதார அறிஞர் பிகு 1920-லேயே எழுதிவிட்டார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் நோட்டில் ஏறும், மண்டையில் ஏறாது.

3. கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுநாள் யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை? பட்டறைக் கூலியாள், அவருக்கு மெஸ் நடத்தியவர், லைன்வீடு வாடகைக்கு விட்டவர் என்று மாணவர்களே பட்டியல் போடட்டும். பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைத்தது, மின்கட்டணம் ஏறியது, பிரித்தெடுத்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிற்கிறது. செலவு தொலைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பட்டறை முதலாளி மகனும் அணைக்கரை விவசாயி மகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் வில்லனாக்கிவிடாதீர்கள்.

4. நான் சறுக்கிய இடம் இது. இலவச மின்சாரம்தான் நிலத்தடி நீரைக் குடித்துவிட்டது என்று ஒருநாள் வீறாப்பாகப் பேசினேன். 1990 முதல் தமிழக விவசாயிகளுக்கு அது உண்டு. மோட்டாரை நிறுத்த விலை எதுவும் சொல்வதில்லை என்பதும் உண்மைதான். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "உங்க வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீதானுங்க ஐயா. எங்கப்பன் போர் போட்ட கடனை யாருங்க கட்டுவாங்க?" மானியம் பற்றிப் பேசுமுன் நம் வீட்டு மானியத்தைப் போர்டில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன்.

5. ஊக்கத்தொகைக்கு நீலகிரியைச் சொல்லுங்கள். 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். டாஸ்மாக் என்றதும் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான்.

6. சந்தை இல்லையென்றால் அரசு, வேறு வழியே இல்லை என்று முடித்துவிடாதீர்கள். 2009-இல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுச்சொத்தை மக்களே விதி போட்டுக் காத்த ஊர்களைத் தேடித்தேடி ஆராய்ந்தவர். நம் ஏரிகளில் மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிகளைப் பற்றிப் பாட்டிகளிடம் விசாரித்து வரச் சொல்லுங்கள். அந்த ஏரியில் இறங்க யாரை விடவில்லை என்பதையும் சேர்த்தே விசாரிக்கட்டும்.

7. இன்டர்னல் மார்க்குக்கு 'மரம் வளர்ப்போம்' போஸ்டர் வேண்டாம். வீட்டில் ஒரு மாதத் தண்ணீருக்கு ஆன செலவைக் கேளுங்கள்: கேன், லாரி, மோட்டார் கரண்ட், குழாயடியில் காத்து நின்ற நேரம். பையன்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அதுக்கு அம்மாதானுங்க போவாங்க" என்பார்கள்.