கோல்ப் வீச்சும் கால்களின் கடமையும்

நின்ற பந்தை அடித்தல் எளிதென்பது பலர் கருத்து. கிறிக்கெற்றில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. கோல்ப் ஆட்டத்திலோ அது புற்றரையில் அசையாது கிடக்கிறது. ஆயினும், புதிதாகக் கோலேந்தியவர் பந்துக்குப் பின்னால் மண்ணைக் கிளறுவதையும், அடித்த பந்து வலப்புறம் வளைந்து பற்றைக்குள் மறைவதையும் காண்கிறோம். இக்குறையைக் கைகளின்மேல் ஏற்றுவது வழக்கம். பெரும்பாலும் அது இடுப்பிலும் கால்களிலுமே பிறக்கிறது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம். வலக்கைப் பழக்கமுடையோரைக் கருதியே எழுதுகிறோம். இடக்கையர் திசைகளை மாற்றிக் கொள்வாராக.

முதலாவது, நிற்கும் முறை. பந்திலிருந்து இலக்குவரை ஒரு கோட்டைக் கற்பனை செய்வோம். கோலின் முகம் அக்கோட்டின் வழியே இலக்கை நோக்க வேண்டும். பாதங்கள், முழங்கால்கள், இடுப்பு, தோள்கள் ஆகியவற்றின் கோடுகளோ இலக்கை நோக்குவன அல்ல; அவை இலக்குக் கோட்டுக்குச் சமாந்தரமாக, அதன் இடப்புறத்தே அமைய வேண்டும். 1879 இல் தோன்றிய கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் திடலூடாகக் களனிவெளிப் புகையிரதப் பாதை செல்கிறது. அதன் தண்டவாளங்களை நினைவிற் கொண்டால் இது தெளிவாகும். ஒரு தண்டவாளத்தில் பந்து. மற்றதில் நமது பாதங்கள். இரண்டும் ஒரே திசையிற் செல்வன, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பாதங்களையே இலக்குக்கு நேராக வைத்தவர் உண்மையில் அதன் வலப்புறத்தை நோக்கி நிற்கிறார். அதனைச் சரிசெய்ய அவர் அடிக்கும்போது தோளை வலிந்து இடப்பக்கம் இழுக்கிறார். இவ்வாறு நிலையிற் பிழைத்தது வீச்சிலும் பிழையாகிறது.

இரண்டாவது, பின்வீச்சு. இதில் தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்ப, இடுப்பு அதன் பாதியளவே திரும்பும். இவ்வேறுபாட்டினாலேயே உடல் முறுக்கேறுகிறது. உடற்பாரம் வலக்காலின் உட்புறத்தே தங்க வேண்டும். அது பாதத்தின் வெளிவிளிம்புக்குச் சாயுமாயின் முறுக்குத் தளரும், உடல் தள்ளாடும்.

மூன்றாவது, முன்வீச்சு. மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவனைக் கவனியுங்கள். முன்கால் ஊன்றுகிறது; இடுப்புத் திரும்புகிறது; பின்னரே தோளும் கையும் வருகின்றன. கோல்ப் வீச்சின் ஒழுங்கும் இதுவே. பாரம் இடக்காலுக்கு மாற, இடுப்பு முதலில் இலக்கை நோக்கித் திரும்பும். நெஞ்சு, கைகள், கோல் என்பன முறையே தொடரும். ஒவ்வோர் உறுப்பும் தன் வேகத்தை அடுத்ததற்கு ஈந்து தான் தணியும். இக்காலத்து அளவைக் கருவிகளும் தேர்ந்த ஆட்டக்காரரிடம் இவ்வரிசையையே காட்டுகின்றன. தோள் முந்தினால் கோல் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டும். பந்து வலப்புறம் வளையும். கோலும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஏறத்தாழ 2,000 இல் ஒரு பங்கே. அந்நேரத்தில் எதையும் திருத்த இயலாது. முன்னரே அமைந்த ஒழுங்குதான் பயன் தரும்.

இக்கொள்கையை விளக்கியோருள் அமெரிக்கரான பென் ஹோகன் (1912–1997) தலைசிறந்தவர். 1949 பெப்ரவரி 2 இல், டெக்சாஸ் மாநிலத்தில், மூடுபனியினூடே வந்த பஸ் ஒன்று அவரது காருடன் நேருக்குநேர் மோதியது. மனைவியைக் காக்க அவர்மேற் பாய்ந்த ஹோகனுக்கு இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. மீண்டும் நடப்பாரோ என்பதே ஐயமாயிருந்தது. ஆயின், 1950 யூன் மாதத்தில், கால்களிற் கட்டுகளுடன், மேரியன் திடலில் அமெரிக்கத் திறந்த சுற்றுப்போட்டியில் அவர் ஆடினார். ஒரே நாளில் 36 குழிகளை ஆடி முடித்து, மறுநாள் மேலும் 18 குழிகள் ஆடி, தம்முடன் சமநிலையில் நின்ற இருவரையும் வென்றார். 1957 இல் அவர் வெளியிட்ட ஐந்து பாடங்கள் என்னும் நூல், முன்வீச்சைத் தொடக்குவது இடுப்பே என்று வற்புறுத்துகிறது. எவ்வுறுப்பு முறிந்ததோ, அவ்வுறுப்பையே வீச்சின் முதலென அவர் கற்பித்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

பயில விரும்பும் மாணவர் பந்தில்லாமலே தொடங்கலாம். நிலத்தில் இரு தடிகளைச் சமாந்தரமாக இட்டு, ஒன்றையொட்டிப் பாதங்களை வையுங்கள். கைகளை மார்பின்மேற் குறுக்காகக் கட்டி, மெல்லப் பின்னே திரும்புங்கள். பின்பு இடுப்பை முதலாகக் கொண்டு முன்னே திரும்புங்கள். முடிவில் பாரம் இடக்காலில் நிற்க வேண்டும். வலக்குதிகால் நிலத்தைவிட்டு உயர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இயல்பாக அமையும்வரை கோலைத் தொடாதிருத்தல் நலம்.