சிறுநீரக நோயும் தாய்மையும்

நம் நாட்டில் சிறுநீரக நோய் பெருகி வருகிறது. 2011ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் நடந்த ஆய்வில், வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஆய்வில் அது 15 பேருக்கு மேலாக உயர்ந்தது. புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிப் பேருக்கு மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். குழந்தை பெறும் வயதினரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. அவர்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

சிறுநீரகம் இரவும் பகலும் ஓயாது இரத்தத்தைத் தூய்மை செய்கிறது. இயந்திரமோ வழக்கமாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஆக 12 மணி நேரமே அவ்வேலையைச் செய்கிறது. ஒரு தாய்க்கு இது போதலாம். வயிற்றில் வளரும் சிசுவுக்கு இது போதாது. இரத்தத்தில் தேங்கும் கழிவு நச்சுக்கொடி வழியே சிசுவையும் சேர்கிறது. பனிக்குட நீர் மிகுந்து, குறை மாதத்தில் வலி காண்பதும் உண்டு. தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இரத்தச் சோகை கடுமையாகிறது. கருச்சிதைவு, எடை குறைந்த பிள்ளை, குறைப் பிரசவம் ஆகியவை மற்றத் தாய்மாரைவிட இவர்களிடம் மிகுதி.

எனினும் இது நம்பிக்கையற்ற நிலையன்று. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்ட ஒரு தாய் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்த செய்தி, 1971ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து முதன்முதலாக வெளிவந்தது. கனடா, அமெரிக்கத் தாய்மாரை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு மேலும் தெளிவு தந்தது. வாரத்தில் 20 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ சுத்திகரிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 48 பேரே உயிருள்ள குழந்தை பெற்றனர். 36 மணி நேரத்திற்கு மேல் பெற்றோரில் அத்தொகை 85 ஆயிற்று. நீண்ட நேரம் மெதுவாக நீரை எடுப்பதால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்வதில்லை. கருப்பைக்குச் செல்லும் இரத்தமும் குறைவதில்லை.

ஆனால் இதன் பொருளை ஒரு குடும்பம் எண்ணிப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஐந்தாறு நாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். சிகாமட், குளுவாங் வட்டாரத்தின் உட்புறத் தோட்டமொன்றிலிருந்து வண்டி யார் ஓட்டுவது? இழக்கும் சம்பளத்திற்கு என்ன வழி? மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே கருவுறுவது அறிவுடைமை. சொக்சோ சந்தா செலுத்தியோர், சுத்திகரிப்புச் செலவுக்குத் தமக்குத் தகுதி உண்டா என அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. சுத்திகரிப்புப் பெறும் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. ஆகவே கருவுற்றதே தாமதமாகத் தெரியும். ஐயம் எழுந்தால் ஸ்கேன் பரிசோதனையே உறுதியானது.

2. மாதவிலக்கு நின்றுவிட்டது, இனிக் கருத்தரியாது என எண்ணுதல் தவறு. பிள்ளை வேண்டாதவர் தமக்கேற்ற கருத்தடை முறையை மருத்துவரிடம் கேட்கவேண்டும். சில மாத்திரைகள் இரத்தக் கொதிப்பைக் கூட்டும்.

3. பெரிண்டோபிரில், எனலாபிரில், லொசார்டன் போன்ற மருந்துகள் சிசுவுக்குக் கேடு தருவன. கருவுற விரும்புவோர் முன்னரே மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தலாகாது.

4. தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல், உதிரப் போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை மற்றொரு வழி. 1956இல் தம் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணி 1958இல் குழந்தை பெற்றார். இன்றும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் பொறுத்து, உடல்நிலை சீரான பிறகே கருவுறுமாறு மருத்துவர் கூறுகின்றனர். அப்போதும் சில மருந்துகளை மாற்றவேண்டும்.

சிறுநீரக நோய் உள்ள பெண்ணை மலடி என்று ஏசுவதும், பிள்ளை பெறுமாறு நெருக்குவதும் கொடுமை. கணவரும் மாமியாரும் உடன்சென்று மருத்துவர் கூறுவதைக் கேட்பீராக. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கருவுறுமுன் ஆலோசனை பெறலாம். அங்கிருந்து ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் சிறுநீரக, மகப்பேற்று நிபுணர்களிடம் அனுப்பப்படுவீர்கள். பெறுவதா, பொறுப்பதா, வேண்டாமா என்னும் முடிவு அப்பெண்ணுடையது. அவள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் முடிவு அது.